சாமான் இறக்கும் வாசலால் வந்த ஊர்க்காரர்

உங்கள் இரண்டு பேருக்கும் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் முடியவில்லை. அதற்குள் புதினம் கேட்க என் வீட்டுப் படி ஏறி வந்துவிட்டீர்கள். விளக்குப் பகுதிக்குச் சேர்ந்தவர் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. சாமான் பகுதிக்குச் சேர்ந்தவள் சாமானைப் பற்றிக் கேட்கவில்லை. சப்பாத்தைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், ஒன்று கதவுக்கு வெளியே ஒன்று உள்ளே கிடக்க, "அன்ரி, அந்தப் போலந்துக்காரரின்ர எலெக்சனை நீங்கள்தான் கெடுத்தனீங்களாமே?" என்று கேட்கிறீர்கள். வந்த வீட்டில் முதலில் கேட்கிற கேள்வியா இது? காலில் என்ன வருத்தம், கையில் என்ன வருத்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு இரண்டிலும் இருக்கிறது.

யார் சொன்னது, கன்டீனிலா? கன்டீனில் சொல்வதை நம்பினால் நான் நான்கு தடவை ஓய்வு பெற்றிருக்க வேண்டும், இரண்டு தடவை செத்திருக்க வேண்டும்.

சரி, இருங்கள். கேட்டது கேட்டுவிட்டீர்கள். நான் கெடுத்தது அவருடைய தேர்தலை மட்டும் இல்லை. பின்வாசலில் காவலுக்கு இருந்த ஒரு மனிதனின் வேலையையும் கெடுக்கப் பார்த்தேன். அதைக் கன்டீனில் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய கதை. தியேட்டரின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. பேர்னுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஓஸ்டர்முண்டிகனில் இருந்து ரயிலில் போய் வருகிற தூரம், அவ்வளவுதான்.

அங்கே நான் தரை துடைக்கத்தான் போனேன். சாமான் பகுதிக்குத் தலைவியாக இருந்த கிழவிதான் என்னைத் தன்னிடம் எடுத்தாள். மேடையைத் துடைக்கும்போது நான் மேசையில் இருந்த கோப்பைகளைத் தூக்கித் துடைத்துவிட்டு, கைபிடி எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே பார்க்க வைத்தேனாம். அவள் மறைந்து நின்று மூன்று நாள் பார்த்திருக்கிறாள். எழுத்து வாசிப்பு எனக்குக் குறைவு என்று சொன்னேன். கோப்பைக்கு வாசிக்கத் தெரியாது, பயப்படாதே என்றாள். அன்றிலிருந்து நடிகர் மேடையில் கையால் தொடுகிறதெல்லாம் என் பொறுப்பு: கோப்பை, கடிதம், துவக்கு, பாண், சூப்.

சூப் என்றதும் போலந்துக்காரர்தான் வருகிறார்.

அவர் எங்களிடம் நாடகம் போட வந்தபோது எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. ஒல்லியான நெடிய மனிதர். வெயிலோ பனியோ கழுத்தில் ஒரே சால்வை. யோசிக்கும்போது அப்பிள் உரிப்பார், தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக, மேசையில் இருந்து தரை வரைக்கும். உரித்த அப்பிளை யாருக்காவது கொடுத்துவிடுவார். தோலை என் மேசையில் விட்டுவிட்டுப் போவார். நான் ஏசுவேன். என்னைப் பானி என்று கூப்பிடுவார். அவர்களுடைய பாஷையில் அம்மணி என்று அர்த்தமாம். அவருடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே தரம். இங்கே பிறந்த நடிகர்கள் அவர் சொன்னது விளங்காமல் முழிப்பார்கள். எனக்கு உடனே விளங்கும். நான் இப்போது அவர் கதைத்ததை எங்கள் பேச்சில் சொல்கிறேன், அந்த ஜெர்மனைச் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் சிரித்தே தொலைப்பீர்கள்.

அவர் முதல் நாளே கேட்டது, மேடையில் சுடச்சுட சூப் வேண்டும் என்று. மேடைச் சாப்பாடு எப்படி என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆறினது, உப்பில்லாதது, நடிகரின் தொண்டையில் நிற்காமல் போகிறது. இவருக்கு அது சரிவராது. கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் மணக்க வேண்டும் என்றார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். அப்போதுதான் சமையலறை நாடகத்தைச் சொன்னார்.

அவர் இளமையாக இருந்தபோது அவருடைய நாட்டில் ராணுவச் சட்டம் போட்டார்களாம். அரசாங்கத்தின் மேடையிலும் டிவியிலும் நடிக்கமாட்டோம் என்று நடிகர்கள் ஒதுங்கிவிட்டார்களாம். அதற்குப் பதில் வீடுகளுக்குள் நடித்தார்கள். ஒரு சமையலறைக்குள் முப்பது பேர் நெருக்கியடித்து இருப்பார்கள். வீட்டுக்காரி பெரிய பானையில் சூப் வைப்பாள். பொலிஸ் வந்து தட்டினால், நாடகமா, இங்கே விருந்தல்லவா நடக்கிறது என்று சொல்லலாம். அதனால் பார்க்கிறவர் கையிலும் சூப், நடிக்கிறவர் கையிலும் சூப். ஒருநாள் பொலிஸ் நிஜமாகவே வந்தது. எல்லோரும் குனிந்து குடித்துக்கொண்டே இருந்தார்களாம். அப்படியும் இவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதம் உள்ளே வைத்திருந்தார்கள்.

பிறகு அரசாங்கம் மாறியது. ஊர்ச் சனம் இவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஒரு தவணை இருந்துவிட்டு வந்துவிட்டார். அங்கே எல்லோரும் ஒத்திகை இல்லாமல் நடிக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்றார். ஆனால் வயதான காலத்தில் எந்த நாடகத்தைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று மறுபடி அங்கே யாரோ சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பவும் தேர்தலில் நின்றார். எங்களிடம் ஒத்திகை நடந்த அதே மாதங்கள்தான். வெள்ளிக்கிழமை விமானம் ஏறிப் போய் ஊரில் வாக்குக் கேட்பார். திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் வந்து நிற்பார்.

நான் பீட்ரூட் சூப் வைத்தேன். அவர் கையைக் காலை ஆட்டிச் சொன்ன மாதிரித்தான் வைத்தேன். ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை, கொஞ்சம் உள்ளியும் நற்சீரகமும் இடித்துப் போட்டுவிட்டேன். ஒரு கரண்டி குடித்தார். "பானி, இது எங்கட நாட்டுச் சூப் இல்லை. ஆனா இதை வைச்சா, பொலிஸ் வந்து தட்டினாலும் ஒருத்தரும் கதிரையால எழும்பமாட்டினம்" என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதுதான் பெரியது. மற்றப் பட்டங்கள் என் மருமகன் கொடுத்தவை, அவற்றை விடுங்கள்.

இனி கவனமாகக் கேளுங்கள். அவருக்கு ஒரு பழக்கம். நல்லவனாக நடிக்கிறவருக்கு வாயால் சொல்லிக் கொடுப்பார். கெட்டவனாக நடிக்கிறவருக்குத் தானே நடித்துக் காட்டுவார். நாடகத்தில் ஒரு கட்சிப் பெரியவன் ஏழைகளின் சமையலறைக்கு வந்து, அவர்களுடைய சூப்பைக் குடித்துவிட்டு, அவர்களையே இளக்காரமாகப் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதை நடித்தவர் கூர் என்கிற மலையூர்ப் பக்கத்து மனிதர், பரம சாது. வசனத்தை மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொல்வார். இவர் பொறுமை கெட்டு மேசையில் ஏறிவிடுவார். சால்வையை உதறி, கண்ணைச் சுருக்கி, "இந்தச் சனம் மாடு. வைக்கோல் காட்டுறவனுக்குப் பின்னால போகும். இந்தமுறை நான் காட்டுவன்" என்று முழங்குவார். கையில் அகப்பையோடு நிற்கிற நானே ஒரு அடி பின்னுக்குப் போவேன். இறங்கியதும் பழைய மனிதராகி அப்பிள் உரிப்பார்.

பின்வாசலில் கிடானே இருந்தார். எரித்திரியா நாட்டுக்காரர், அங்கே கணக்கு வாத்தியார். இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, வருகிறவர்களின் பெயரைப் புத்தகத்தில் எழுத வைக்கிற வேலை. பெயர், யாரைப் பார்க்க, என்ன காரியம், எத்தனை மணி. அதை எழுதாமல் தியேட்டர்த் தலைவியின் புருஷனும் உள்ளே போக முடியாது. நான் அவரை வாத்தியார் என்பேன். அவருக்கு அக்கா என்று கூப்பிடப் பழக்கியிருந்தேன். மிஞ்சின சூப் அவருக்குத்தான். அவரிடம் அப்போது எஃப் அட்டை, அகதியைத் தற்காலிகமாக இருக்க விடுகிற அட்டை. வேலை நிலையாக இருந்தால்தான் பி அட்டை என்கிற வதிவிட அனுமதி கிடைக்கும், பி அட்டை கிடைத்தால்தான் சூடானில் நிற்கிற மனைவியையும் இரண்டு மகள்களையும் கூப்பிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய வேலைப் பத்திரம் கன்டோன் கந்தோரில், அதுதான் மாகாண அலுவலகத்தில், யாருடையதோ மேசையில் கிடந்தது. அந்த வேலை போனால் அந்தப் பத்திரம் வெறும் தாள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை, மழை. நான் பீட்ரூட் வாங்கிக்கொண்டு வருகிறேன். பின்வாசலில் ஒருவர் நனைந்துகொண்டு நிற்கிறார். நாற்பது வயது இருக்கும், மினுங்குகிற சப்பாத்து, கையில் தொப்பி, ஒரு காகிதப் பையில் போத்தல். நாடகம் போடுகிற போலந்து ஐயாவின் ஊர் என்றார். ஐயாவின் தமக்கை ஒரு போத்தல் காளான் ஊறுகாய் கொடுத்துவிட்டிருக்கிறாள் என்றார். திடீரென்று ஐயாவுக்கு முன்னால் போய் நிற்க அவருக்கு ஆசை, அதனால் பெயர் எழுதமாட்டேன் என்று கிடானேயோடு இழுபறி.

எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒருவரைக் கண்டால் மூன்று கேள்வி இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கோயிலடி. உங்கள் அம்மாமாரும் கேட்பார்கள், கவனித்திருப்பீர்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொன்னவன் எங்களுக்குப் பாதி உறவு. கையில் ஏதாவது கொண்டுவந்திருந்தால் முழு உறவு. நான் கேட்டேன். அவர் மூன்றுக்கும் பதில் சொன்னார், தேவாலயத்தின் மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தி ஓடும் என்பது வரைக்கும். எனக்கு வேறென்ன வேண்டும்? கிடானேயைத்தான் ஏசினேன்.

"வாத்தியார், ஊரில இருந்து ஒரு மனிசன் போத்தலோட வந்து மழையில நிக்கிறார். உங்கட ஊரில இப்பிடியோ செய்வியள்?"

கிடானே புத்தகத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். "எங்கட ஊரில உள்ள விட்டனாங்கள், அக்கா. அதாலதான் நான் இஞ்ச இருக்கிறன்."

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நான் அந்த மனிதனைக் கூட்டிக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றிப் போனேன். அங்கே லொறிகள் வந்து சாமான் இறக்குகிற வாசல் இருக்கிறது. என் பாட்ஜைக் காட்டினால் திறக்கும். திறந்தேன். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு, தேநீரும் கொடுத்து, உங்கள் ஊர் மனிதர் வேலை செய்கிற வடிவைப் பாருங்கள் என்று இருத்தினேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக இருந்தார். எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் ஐயா மேசையில் மூன்று தடவை ஏறினார். ஒரு மணித்தியாலம் கழித்து, வேலை நேரத்தில் குழப்ப விருப்பமில்லை, பின்னேரம் ஹோட்டலில் போய்ச் சந்திக்கிறேன், அதுவரை சொல்லிவிடாதீர்கள் என்று போத்தலை என்னிடம் தந்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்.

தொப்பிக்குள் போன் இருந்தது. சனிக்கிழமை அதில் எடுத்த வீடியோ போலந்து முழுக்க ஓடியது. மேசையில் நிற்கிற ஐயா, "இந்தச் சனம் மாடு, இந்தமுறை நான் வைக்கோல் காட்டுவன்." முன்னும் இல்லை, பின்னும் இல்லை, மேடை தெரியவில்லை, சூப் தெரியவில்லை. அவர்களுடைய பாஷையில் கீழே எழுதியும் போட்டிருந்தார்கள். வாக்குக் கேட்டுப் போன ஊரைப் பற்றி வெளிநாட்டில் இருந்து இப்படிப் பேசுகிறார் என்று. தேர்தலுக்கு இரண்டு கிழமை இருந்தது.

திங்கட்கிழமை காலை தியேட்டர்த் தலைவி எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டாள். ஒத்திகைக்குப் போகும்போது நடிகர்களின் போன்கள் கூடைக்குள் போய்விடும், அதனால் இது வெளியாள் வேலை என்றாள். கிடானேயைக் கேட்டாள். ஒருவர் வந்தார், பெயர் எழுதவில்லை, அதனால் நான் விடவில்லை என்றார். அப்படியென்றால் அவர் எப்படி உள்ளே வந்தார் என்று கேட்டாள். தெரியாது என்றார். அவருக்குத் தெரியும். நான் அந்த மனிதனோடு சுற்றிக்கொண்டு போனதைக் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசல் உங்கள் பொறுப்பு, மாத முடிவோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்று தலைவி சொன்னாள். ஐயா முன் வரிசையில் அப்பிள் உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

நான் கரண்டித் தட்டோடு நின்றேன். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அது கதவில்லாத வாய். அன்றைக்குத் திறக்கவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம்தானே என்று ஒரு காரணம். இத்தனை பேருக்கு முன்னால் வெட்கம் என்று ஒரு காரணம். கிடானே படித்த மனிதர், வேறு வேலை கிடைக்கும் என்று இன்னொரு காரணம். மூன்றும் நல்ல காரணங்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வேலையில் உங்களுக்கும் ஒருநாள் இப்படி நல்ல நல்ல காரணமாக வரும். அப்போது எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் பிழை உங்களிடம்தான்.

கூட்டம் கலைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பென்சில்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார், போகிறவர் அடுக்குகிற மாதிரி.

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன், அக்கா" என்றார்.

அடித்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டு அப்படியே இருந்தேன். எங்கள் ஊரில் ஆமி சுற்றிவளைத்து எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தும். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை ஏற்றுவார்கள். தலையாட்டி என்போம். என் தமக்கையின் புருஷனை அப்படித்தான் ஏற்றினார்கள். சாக்குக்குள் இருந்தவன் யார் என்று பிறகு தெரிய வந்தது. எங்கள் ஒழுங்கைக்காரன், ஒரே சந்துக்குள் இருந்தவன். எங்கள் கலியாண வீட்டில் பந்தியில் பரிமாறியவன். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கோயிலடி என்று கேட்டிருந்தால் அவனும் பிழையில்லாமல் சொல்லியிருப்பான். இதையெல்லாம் கண்ட நான்தான் மூன்று கேள்வி கேட்டு ஒருவனை உள்ளே விட்டேன். கிடானே ஒரு வசனத்தில் சொன்னது எனக்கு நான்கு நாள் கழித்து விளங்கியது.

அடுத்த நாள் முதல் ரயிலில் போய்விட்டேன். ஐயா கோப்பி குடிக்கச் சாமான் அறைக்கு வருவார். வந்தார். அப்பிளை எடுத்தார்.

"ஐயா, அந்த மனிசனை உள்ள விட்டது நான்" என்றேன்.

தோல் அறுந்து விழுந்தது. அது அறுந்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். எந்த வாசலால் என்று கேட்டார். சொன்னேன். பிறகு ஏன் என்று கேட்டார்.

"உங்கட ஊர் எண்டவர். தெருவும் சொன்னவர், கோயிலும் சொன்னவர். கையில போத்தலும் கொண்டுவந்தவர்."

"என்ன போத்தல்?"

அலுமாரித் தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பாதி முடிந்திருந்தது.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"எப்பிடி?"

"உப்புக் காணாது."

அவர் சிரிக்கவில்லை. தானும் ஒரு காளானை எடுத்துச் சாப்பிட்டார். உண்மைதான், உப்புக் காணாது என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு இருந்து கதைத்தார். பழைய அரசாங்கம் விழுந்த பிறகு, அவரைப் பற்றிப் பொலிஸ் எழுதி வைத்திருந்த கோப்புகளை அவரே போய் வாசித்தாராம். சமையலறையில் யார் எந்தக் கதிரையில் இருந்தார், என்ன சிரித்தார், என்ன சூப் குடித்தார் என்றுகூட எழுதியிருந்ததாம். எழுதிக் கொடுத்தது எல்லாம் ஊர்க்காரர். அதில் ஒருவர் அவருடைய கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர். இன்றைக்கும் சந்தையில் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வாராம்.

"முப்பது வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், பானி" என்றார். "ஒருத்தரும் வந்து நான்தான் எண்டு சொல்லேல்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

நான் அழுதேன். அதற்கும் ஏசினார். "மன்னிச்சுப்போட்டன் எண்டு நினைக்காதேங்கோ. பொஸ்ஸிட்டப் போங்கோ, இப்பவே. அந்த வாத்தியார் சாமானைக் கட்ட முதல் போங்கோ."

நீங்களும் வாருங்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வரமாட்டேன் என்றார். தான் வந்தால் தலைவி தன்னுடைய முகத்துக்காக மன்னிப்பாள், அது கிடானேக்கு நியாயம் செய்ததாகாது என்றார். அப்போது அவர் மேல் எனக்குக் கோபம். இப்போது நினைத்தால், துணைக்கு வராததுதான் அவர் எனக்குச் செய்த மரியாதை.

தனியே போனேன். தலைவி மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எல்லாம் சொன்னேன், நேற்று வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சேர்த்து. அவள் எழுத்தில் எச்சரிக்கை தந்தாள். பாட்ஜைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னாள். இனி ஓய்வு வரைக்கும் மற்ற விருந்தாளிகள் மாதிரி பின்வாசலில் மணியடித்து, புத்தகத்தில் எழுதித்தான் வர வேண்டும் என்றாள். கிடானேயின் ஒப்பந்தம் அப்படியே இருக்கும் என்றாள். படியிறங்கிப் போய் எல்லோருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்பும் கேட்டாள். அவளைப் பற்றிக் கன்டீனில் என்ன சொன்னாலும் இதை நான் சொல்வேன்.

நானும் கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்டேன். கிடானே மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். பெயர், யாரைப் பார்க்க, என்ன காரியம், எத்தனை மணி. எனக்கு எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். பென்சிலைச் சீவியும் தந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழும்பி உங்களுக்குத் தேநீர் போடப் போயிருப்பேன். முடியவில்லை. ஐயாவின் கட்சியில் இருந்து ஒரு பெண் கமராவோடு வந்தாள். அது ஒத்திகைதான், அந்த வார்த்தை நாடகத்தில் வருகிறதுதான், ஆளை உள்ளே விட்டது நான்தான் என்று நான் கமராவைப் பார்த்துச் சொன்னால் ஊர் நம்பும் என்றாள். நான் ஓம் என்றேன். கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலை கட்டி, மடிப்பெல்லாம் பின் குத்தி, சூப் மேசைக்கு முன்னால் இருந்தேன். ஐயா வந்து பார்த்தார். கமராவை மூடச் சொன்னார்.

"நான் செய்த பிழை, ஐயா. நான் சொல்றன்."

"பொஸ்ஸிட்டச் சொன்னியள், அந்த மனிசனிட்டச் சொன்னியள், என்னட்டச் சொன்னியள். ஆரிட்டச் சொல்லவேணுமோ அவையிட்டச் சொல்லி முடிஞ்சுது. உங்கட முகத்தையும் அவங்கள் வெட்டி ஒட்டுவாங்கள், பானி. அதை வைச்சு நான் வெல்லமாட்டன்."

கட்சிப் பெண் அவரோடு அவர்களுடைய பாஷையில் சண்டை போட்டாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. அவள் சொன்னதுதான் புத்தியான பேச்சு. அவர் கேட்கவில்லை. சேலை கட்டின பாவத்துக்கு அன்றைக்கு அந்தச் சேலையோடேயே சூப் வைத்தேன்.

அவர் தோற்றுப்போனார். ஞாயிற்றுக்கிழமை தோற்றார், திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒத்திகைக்கு வந்தார். தொண்டை கட்டியிருந்தது. சூப் இன்னும் சூடாக வேண்டும் என்றார். மேசையில் மட்டும் ஏறவில்லை. கூர் பக்கத்துச் சாது மனிதருக்கு முதல்முறையாக வாயால் சொல்லிக் கொடுத்தார், மெதுவாக, பக்கத்தில் இருந்து. நாடகம் மேடையேறிய முதல் நாள் அந்த மனிதர் சத்தமே போடாமல், சூப்பை ஊதிக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னார். திரைக்குப் பின்னால் நின்ற எனக்குச் சனத்தின் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாடகத்துக்கு எத்தனையோ கோப்பை வைத்தேன். அப்படி ஒரு அமைதி திரும்ப வரவில்லை.

நாடகத்தின் கடைசி நாளுக்கு ஐயா ஊரில் இருந்து திரும்ப வந்தார். கிடானே அவரையும் எழுத வைத்தார். என்ன காரியம் என்கிற இடத்தில் "சூப்" என்று எழுதிவிட்டு வந்தார். அந்தத் தாள் இன்னும் கிடானேயிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். காட்டமாட்டார், ஆனாலும் கேளுங்கள். அடுத்த வசந்தத்தில் அவருடைய மனைவியும் மகள்களும் வந்து இறங்கினார்கள். மூத்தவள் இப்போது தகப்பனுக்கு பேர்ன் ஜெர்மனில் வாய் காட்டுகிறாள்.

இங்கே எங்கள் கட்டிடத்தில் செய்தி எப்படி வந்தது என்றால், மூன்றாம் மாடிக்காரியின் மகள் அப்போது எங்கள் தியேட்டரில் உடுப்புப் பகுதியில் இருந்தாள். நான் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது நான்கு பேர் சேர்ந்து வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் அன்றைக்கு மெஷின் முறை இல்லை. மூன்றாம் மாடிக்காரிதான் தொடங்கினாள்.

"உங்கட பாட்ஜைப் பறிச்சுப் போட்டினமாம். இப்ப மணியடிச்சுத்தான் உள்ள போறியளாம். இவ்வளவு காலம் வேலை செய்த உங்களுக்கு இது ஒரு மரியாதையோ, அக்கா?"

விரிப்பின் மற்ற முனையை அவள் கையில் கொடுத்தேன், இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"முந்தி நான்தான் கதவைத் திறந்துகொண்டு போகவேணும்" என்றேன். "இப்ப எனக்குத் திறந்துவிடுறதுக்கெண்டே ஒரு கணக்கு வாத்தியாரை வைச்சிருக்கினம். அவரை நிப்பாட்டப் பாத்தவை. நான்தான் பொஸ்ஸிட்டப் போய்க் கதைச்சு, அவர் வேணும் எண்டனான்."